பேர் மட்டும் ஸ்ரீபெரும்புதூர்

குரோம்பேட்டை ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள டீக்கடையில் நின்று, ‘நாம எந்த எம்.பி. தொகுதி?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘தென்சென்னைதானே’ என்பார் ஒருவர். ‘செங்கல்பட்டுங்க’ என்பார் இன்னொருவர். செங்கல்பட்டு என்ற பெயரில் நாடாளுமன்றத் தொகுதியே 2009 தேர்தலிலிருந்து கிடையாது. மூன்றாமவர் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, ‘ஸ்ரீபெரும்புதூர்னு போட்டிருக்கே! அது எங்கேயோ பெங்களூர் ரோட்டுல இல்ல இருக்கு?’ என்று வியப்பார்.

அவர் வியப்பது நியாயம்தான். குரோம்பேட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் முப்பது கிலோமீட்டருக்கு மேல். ராமாநுஜர் பிறந்த அந்த ஊரை, ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கோ பெங்களூருக்கோ போகிற வழியில் தவிர, இங்கே பலர் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அம்பத்தூர் பட்டறைத் தொழிலாளியும், மீனம்பாக்கத்தில் விமானச் சத்தத்துக்குப் பழகிப்போன குடும்பத்தலைவியும், தாம்பரத்து ரயில்வே ஊழியரும், ஒரகடத்தில் கார் பாகம் பூட்டும் இளைஞனும் டில்லிக்கு அனுப்புவது ஒரே ஆளைத்தான். தமிழ்நாட்டிலேயே அதிக வாக்காளர்களைக் கொண்ட தொகுதி இது. 2024-இல் எண்ணிக்கை 23 லட்சத்து 82 ஆயிரம்.

இந்தத் தொகுதி எப்படி மாறியது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சாலையைப் பார்த்தால் போதும்.

1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி விசாகப்பட்டினத்திலிருந்து மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினார். அங்கிருந்து கார். போரூரில் ஒரு நிறுத்தம், பூந்தமல்லியில் ஒரு நிறுத்தம், பிறகு ஸ்ரீபெரும்புதூர். அங்கே இந்திரா காந்தி சிலைக்கு மாலை போட்டுவிட்டுக் கூட்டத் திடலுக்கு வந்தார். மணி பத்தே கால் தாண்டியிருந்தது. வேட்பாளர் மரகதம் சந்திரசேகர். நேரு காலத்தில் துணை அமைச்சராக இருந்தவர், எழுபதைத் தாண்டியவர். அடுத்து நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் திடல் இருந்த இடத்தில் இன்று ஏழு தூண்கள் நிற்கும் நினைவிடம் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது காரின் வழியைப் பற்றி. அன்று மீனம்பாக்கம் தென்சென்னைத் தொகுதி. காரில் ஏறும்போது ராஜீவ் ஒரு தொகுதியில் இருந்தார். வயலும் ஏரிக்கரையும் இருட்டுமாகக் கிடந்த சாலையில் நெடுநேரம் ஓடி வேறொரு தொகுதிக்குப் போனார். இன்று அதே கார் அதே வழியில் போனால், புறப்படும் மீனம்பாக்கமும் ஸ்ரீபெரும்புதூர் தொகுதி, போரூரும் ஸ்ரீபெரும்புதூர் தொகுதி, போய்ச் சேரும் இடமும் ஸ்ரீபெரும்புதூர் தொகுதி. நடுவில் பூந்தமல்லி மட்டும் திருவள்ளூருக்குப் போய்விட்டது. அந்த இருட்டும் போய்விட்டது. கத்திப்பாராவில் ஒரு மேம்பாலம், போரூரில் ஒரு மேம்பாலம், இரண்டுக்கும் நடுவே மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள், சாலை நடுவில் மெட்ரோ தூண்கள்.

பழைய தொகுதி வேறு மாதிரியானது. அது வடக்குப் பார்த்த தொகுதி. பூந்தமல்லி, திருவள்ளூர், பொன்னேரி என்று ஏறி, ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி வரை போகும். பழவேற்காட்டு மீனவரும் அதில் உண்டு, ஏரிப் பாசனத்தை நம்பிய நெல் விவசாயியும் உண்டு. செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி ஜில்லா என்பார்கள். ஏரியில் தண்ணீர் நின்றால் சோறு, இல்லையென்றால் பட்டணத்துக்குச் சித்தாள் வேலை. நிலமற்ற தலித் கூலி விவசாயிகள் திரளாக வாழ்ந்த பூமி அது. பல்லாண்டுக் காலம் தனித் தொகுதியாகவும் இருந்தது. வேட்பாளர் வந்தால் ஊர் எல்லையில் நிறுத்துவார்கள். ஆரத்தி ஒரு கை, மனு ஒரு கை. மனுவில் பெரும்பாலும் மூன்று விஷயம்: ஏரி தூர் வாரணும், காலனிக்கு ரோடு போடணும், மனைப் பட்டா வேணும்.

இந்தப் பெயரில் தொகுதி 1967-இல் இருந்து இருக்கிறது. அன்றிலிருந்து 2024 வரை 15 பொதுத்தேர்தல்கள். 9 முறை தி.மு.க., தலா 3 முறை அ.தி.மு.க.வும் காங்கிரசும் வென்றிருக்கின்றன. காங்கிரசின் மூன்று வெற்றியும் (1984, 1989, 1991) மரகதம் சந்திரசேகர் ஒருவருடையது. 1952-இல் திருவள்ளூரிலிருந்து முதல் மக்களவைக்குப் போனவர், அதே மண்ணுக்குத் திரும்பி வந்து அடித்த ஹாட்ரிக்.

இந்தப் பதினைந்தையும் வரிசையாக எழுதி, பக்கத்திலேயே தமிழ்நாட்டில் அந்தந்தத் தேர்தலில் அதிக இடம் பிடித்த அணியை எழுதிப் பார்த்தேன். ஒரு வரிகூட இடறவில்லை. 1977-இல் எம்.ஜி.ஆர்.–காங்கிரஸ் அணி என்றால் இங்கே அ.தி.மு.க. 1980-இல் கருணாநிதி–இந்திரா அணி என்றால் இங்கே தி.மு.க. 1998-இல் ஜெயலலிதா அணி முந்தியபோது அ.தி.மு.க., அடுத்த ஆண்டே காற்று மாறியதும் தி.மு.க.வின் அ.கிருஷ்ணசாமி. 2014-இல் 39-இல் 37 இடங்களை ஜெயலலிதா தனித்து நின்று அள்ளியபோது இங்கேயும் இரட்டை இலை. வடசென்னையைத் தி.மு.க. கோட்டை என்பார்கள், பொள்ளாச்சிப் பக்கத்தை அ.தி.மு.க.வின் மண் என்பார்கள். ஸ்ரீபெரும்புதூருக்கு அப்படி எந்தப் பட்டமும் ஒட்டவில்லை. காற்றாடி மாதிரி, காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

இதில் எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. பழைய கிராமத்துத் தொகுதியும் காற்றாடிதான், புதிய நகரத்துத் தொகுதியும் காற்றாடிதான். ஆட்கள் மாறினார்கள், எல்லை மாறியது, தொழில் மாறியது. இந்தக் குணம் மட்டும் மாறவில்லை. காரணம் ஒன்றல்ல என்றுதான் படுகிறது. அன்று கூட்டணி சேர்ந்துவிட்டால் கிராமத்தில் ஊர்க்கட்டும் சாதிக் கணக்கும் கூட்டிக் கழித்து ஓட்டு மொத்தமாக விழுந்தது. இன்று இங்கே இருப்பவர்கள் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்தவர்கள். ஒரு பானைச் சோற்றை இங்கே கலக்கி வைத்திருக்கிறது காலம். ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்தால் மாநிலம் தெரிந்துவிடும்.

அந்தப் பானையை அடுப்பில் ஏற்றியது 2008-இன் தொகுதிச் சீரமைப்பு. 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துக்கொண்டு எல்லை வரைந்தார்கள். அதற்குள் சென்னையைச் சுற்றிய வில்லிவாக்கம், ஆலந்தூர், தாம்பரம் ஆகிய சட்டப்பேரவைத் தொகுதிகள் வீங்கிப்போயிருந்தன. அவற்றை அறுத்து அம்பத்தூர், மதுரவாயல், பல்லாவரம் என்று புதுத் தொகுதிகள் பிறந்தன. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர், பூந்தமல்லி எல்லாம் திருவள்ளூர் என்ற புதிய தனித் தொகுதிக்குப் போயின. காஞ்சிபுரமும் தனித் தொகுதியாயிற்று. ஸ்ரீபெரும்புதூர் பொதுத் தொகுதியானது. மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம், ஸ்ரீபெரும்புதூர் என்று இன்றைக்கு ஆறு பேரவைத் தொகுதிகள். இவற்றில் பழைய தொகுதியிலிருந்து மிஞ்சியது ஸ்ரீபெரும்புதூர் ஒன்றுதான்.

ஐந்து புறநகர்களைக் கொண்டுவந்து ஒரு கோயில் ஊரின் பெயரில் கட்டிவிட்டார்கள். புலம்பெயர்ந்து போனவர்களைப் பற்றி நிறைய எழுதுகிறோம். இங்கே மனிதர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். தொகுதிதான் புலம்பெயர்ந்து அவர்கள் தலைமேல் வந்து உட்கார்ந்தது.

அந்த ஐந்துக்கும் ஆளுக்கொரு வரலாறு உண்டு. பல்லாவரத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் கையில் கிடைத்த கல்லாயுதம்தான் இந்தியாவின் பழங்கற்கால ஆய்வுக்கே பிள்ளையார் சுழி. குரோம்பேட்டைக்குத் தோல் பதனிடும் குரோம் லெதர் கம்பெனி பெயர் கொடுத்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் வந்தது. தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. ஆலந்தூர் ஒரு காலத்தில் பரங்கிமலைத் தொகுதி. 1967 ஜனவரியில் குண்டடி பட்டுக் கழுத்தில் கட்டோடு படுத்திருந்த எம்.ஜி.ஆர். முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குத் தேர்வானது அங்கேதான். கட்டுப் போட்ட அந்தப் படத்தைப் போஸ்டராக ஒட்டினார்கள். அதற்கு மேல் பிரச்சாரம் தேவைப்படவில்லை. அதே ஆண்டுதான் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் நாடாளுமன்றத் தொகுதியில் தி.மு.க. முதல் வெற்றியைப் பெற்றது. அன்று இரண்டும் வெவ்வேறு உலகம்.

புதிய எல்லையில் முதல் தேர்தல் 2009-இல். தி.மு.க. நிறுத்தியது டி.ஆர்.பாலுவை. 1996 முதல் நான்கு முறை தென்சென்னையில் வென்றவர். தாம்பரமும் ஆலந்தூரும் தென்சென்னையிலிருந்து இந்தப் பக்கம் வந்தபோது அவரும் கூடவே வந்துவிட்டார் என்று சொல்லலாம். எதிரே பா.ம.க.வின் ஏ.கே.மூர்த்தி. புறநகரைச் சுற்றிய கிராமங்களில் வன்னியர் வாக்கு கணிசம் என்ற பழைய கணக்கு. பாலுவுக்கு 3,52,641. மூர்த்திக்கு 3,27,605. வித்தியாசம் 25,036. விஜயகாந்தின் தே.மு.தி.க. வேட்பாளர் வாங்கிய ஓட்டு அந்த வித்தியாசத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல். அந்த ஓட்டு எந்தப் பக்கமாவது கொஞ்சம் சாய்ந்திருந்தால் கதையே வேறு.

2014-இல் பாலு இங்கே நிற்கவில்லை. தஞ்சாவூருக்குப் போனார். மன்னார்குடிப் பக்கத்துத் தளிக்கோட்டைக்காரர், சொந்த மண். அங்கே அ.தி.மு.க.விடம் தோற்றார். இங்கே அவருக்குப் பதிலாக நின்ற ஜெகத்ரட்சகனும் அ.தி.மு.க.வின் கே.என்.ராமச்சந்திரனிடம் 1,02,646 ஓட்டில் தோற்றார். 2019-இல் பாலு திரும்பி வந்தார். 5,07,955 ஓட்டு வித்தியாசத்தில் பா.ம.க.வின் வைத்திலிங்கத்தை வென்றார். 2024-இல் மறுபடியும் 4,87,029 வித்தியாசம். ஊருக்குப் போய் நின்று பார்த்துவிட்டு, சரிப்பட்டு வராமல் புறநகருக்கே திரும்பியவர் என்று பார்த்தால், இந்தத் தொகுதி வாக்காளர்களில் பாதிப் பேரின் வாழ்க்கைக் கதை அது. அந்த வகையில் இவரைவிடப் பொருத்தமான பிரதிநிதி கிடைப்பது கஷ்டம். கிண்டலாகச் சொல்லவில்லை.

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று கண்ணில் படும். 2009-இல் முதல் இரண்டு வேட்பாளர்களும் சேர்ந்து வாங்கியது 6 லட்சத்து 80 ஆயிரம். 2024-இல் பாலு ஒருவரே வாங்கியது 7,58,611. பதினைந்து வருஷத்தில் தொகுதி இவ்வளவு பெருத்துவிட்டது. இத்தனை பேருக்கும் ஒரே எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்; நாகப்பட்டினம் எம்.பி.க்கும் அதே 5 கோடிதான். அங்கே வாக்காளர் 13 லட்சத்து 45 ஆயிரம். கணக்குப் போட்டால் நாகப்பட்டினத்து வாக்காளர் தலைக்கு 37 ரூபாய், நமக்கு 21 ரூபாய். வடநாட்டுக்கு எத்தனை தொகுதி, தென்னாட்டுக்கு எத்தனை தொகுதி என்று இப்போது நடக்கும் சண்டை நியாயமானது. மாநிலத்துக்கு உள்ளேயே கிடக்கும் இந்தச் சின்ன அநியாயத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

மூன்றாவது இடத்துக்காரர்களைக் கவனித்தாலும் புறநகர் புரியும். 2009-இல் தே.மு.தி.க. 2019-இல் கமல்ஹாசனின் மக்கள் நீதி மய்யம் 1 லட்சத்து 35 ஆயிரம் ஓட்டு வாங்கியது. 2024-இல் பா.ஜ.க. அணியில் சைக்கிள் சின்னத்தில் நின்ற த.மா.கா. 2 லட்சத்து 10 ஆயிரம், நாம் தமிழர் 1 லட்சத்து 40 ஆயிரம். ஊரில் அப்பா ஓட்டுப் போட்ட கட்சிக்கு மகனும் போடுவான். போடவில்லையென்றால் திண்ணையில் கேள்வி வரும். அடுக்கு மாடியில் எதிர்வீட்டுக்காரர் யாரென்றே தெரியாது. யாருக்குப் போட்டாய் என்று கேட்க ஆளில்லை. அந்தச் சுதந்திரத்தில்தான் புதுச் சின்னங்கள் இங்கே கொஞ்சம் மூச்சு விடுகின்றன. ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் அது வேறு வேறு சின்னம். நிலைத்து நிற்பது எதுவும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு இந்தத் தொகுதியில் ஜெயிப்பவர் யார் என்று கேட்டால், ஓட்டுப் போடாதவர்தான். 2024-இல் இங்கே வாக்குப்பதிவு 60.25 சதவீதம். மாநிலச் சராசரி 69.72. தர்மபுரியில் 81-க்கு மேல். இங்கே வாக்குச்சாவடிப் பக்கமே வராதவர்கள் 9 லட்சத்துக்கு மேல். வென்றவர் வாங்கிய ஓட்டைவிட அது அதிகம்.

படித்தவர்கள் சோம்பேறிகள், லீவு விட்டால் ஊட்டிக்குப் போய்விடுகிறார்கள் என்று தொலைக்காட்சியில் திட்டுவார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். நான் பார்த்த வரை பெரிய காரணம் வேறு. 2019-இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 18, வியாழக்கிழமை. முந்தின நாள் மகாவீர் ஜெயந்தி, மறுநாள் புனித வெள்ளி, அப்புறம் சனி, ஞாயிறு. கோயம்பேட்டில் பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் பொங்கலையே தோற்கடித்தது. தாம்பரத்தில் சாலையோரம் பையோடும் பிள்ளையோடும் ராத்திரி முழுக்க ஜனம். அவர்கள் ஓட்டைத் தவிர்க்கப் போகவில்லை. ஓட்டுப் போடத்தான் போனார்கள், திருநெல்வேலியில், தேனியில், திருவாரூரில்.

எங்கள் மாடி வீட்டில் கோவில்பட்டிக்காரர் ஒருவர் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறார். ரேஷன் கார்டு இங்கே, பிள்ளைகள் படிப்பு இங்கே, காஸ் கனெக்‌ஷன் இங்கே. 2024-இல் வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் பையோடு படியிறங்கி வந்தார்.

‘என்ன தம்பி, ஊருக்கா?’

‘ஆமா அண்ணாச்சி, ஓட்டுப் போட்டுட்டு திங்கக்கிழமை வந்துருவேன்.’

‘இத்தனை வருஷமாச்சே, பேரை இங்க மாத்திக்கக் கூடாதா?’

‘இங்க போட்டா யாருக்குத் தெரியும் அண்ணாச்சி? அங்கன்னா பூத்துல உக்காந்திருக்கவன் நம்ம சித்தப்பா மகன். “வந்துட்டியாடா”ன்னு ஒரு வார்த்தை கேப்பான்.’

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். வழக்கமாக வசிப்பது என்றால் என்ன என்று அவரிடம் கேட்டால், அவர் சட்டத்துக்கு வேறு உரை எழுதுவார். குழாயில் தண்ணீர் வராததும் தெருவில் மழைநீர் நிற்பதும் இங்கே. அதைக் கேட்க வேண்டிய ஓட்டு அங்கே. அதுவும் பத்திரமாக.

இதன் இன்னொரு முகத்தை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனால் பார்க்கலாம். ஹூண்டாய் 1996-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998-இல் சான்ட்ரோ வெளியே வந்தது. பிறகு கண்ணாடித் தொழிற்சாலை, 2006-இல் நோக்கியா, ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகள். நோக்கியா எட்டே வருஷத்தில் மூடிக்கொண்டு போனதும் உண்டு. அன்று ஏரி நிரம்பினால் சோறு; இன்று ஷிப்டு பஸ் வந்தால் சோறு. சுங்குவார்சத்திரத்தைச் சுற்றி ஐபோன் பூட்டும் பெண்கள் ஆயிரமாயிரம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் அவர்களுக்காக ஒரு விடுதி திறந்தார்கள். 18,720 பேர் தங்கலாம். ஒரு சிறு நகரத்தின் ஜனத்தொகை. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் பிற மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். வாக்காளர் அடையாள அட்டையில் அப்பா வீட்டு முகவரி இருக்கும். அவர்களோடு பீகார், ஒடிசா, அசாம் இளைஞர்கள். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்பது சட்டம். லீவு கிடைக்கும், ஓட்டு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும்.

இவர்கள் தொகுதியின் தொழிலை நடத்துகிறார்கள், அரசியலை நடத்துவதில்லை. 2024 செப்டம்பரில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் வைக்கும் உரிமை கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. தேர்தல் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அது தேர்தலுக்கு முன்னால் நடந்திருந்தால் பிரச்சாரத்தின் பேச்சு மாறியிருக்குமா என்று சில சமயம் யோசிப்பேன். மாறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆறு பேரவைத் தொகுதிகளில் ஆலைகள் அடர்ந்தது ஒன்று. மீதி ஐந்தின் கவலை வேறு.

அந்தக் கவலையும் மாறித்தான் இருக்கிறது. அன்று ஏரியில் தண்ணீர் இல்லை என்று மனு. 2015 டிசம்பருக்குப் பிறகு ஏரியில் தண்ணீர் இருக்கிறது என்பதே பயம். செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி, எத்தனை கன அடி திறந்தார்கள் என்று கார்த்திகை மாதம் முழுக்க முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றுக் கரையும் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கும். விவசாயியைவிட இப்போது அடுக்கு மாடிக்காரருக்குத்தான் ஏரிக் கணக்கு மனப்பாடம். மற்றபடி மேம்பாலம், சர்வீஸ் ரோடு, பாதாளச் சாக்கடை. 2004 முதல் 2009 வரை மத்திய நெடுஞ்சாலைத் துறை பாலுவின் கையில் இருந்தது. கத்திப்பாரா மேம்பாலம் 2008-இல் திறந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர் பாலத்தைப் பார்க்காமல் போக முடியாது. புறநகரில் எம்.பி. என்றால் பாலம் என்று அர்த்தம் ஆனது அப்போதுதான்.

சாக்கடை என்றதும் ஆலந்தூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1990களின் கடைசியில் அங்கே நகராட்சி, வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் வசூலித்துப் பாதாளச் சாக்கடை போட்டது. ஜனங்கள் வரிசையில் நின்று பணம் கட்டினார்கள். உலகவங்கிக்காரர்கள் உதாரணம் காட்டிய திட்டம் அது. அன்று ஆலந்தூருக்கு என்று ஒரு நகராட்சி இருந்தது, தலைவர் வீடு தெரியும், போய்க் கேட்கலாம். 2011-இல் ஆலந்தூர், அம்பத்தூர், மதுரவாயல், வளசரவாக்கம் எல்லாம் சென்னை மாநகராட்சியில் கரைந்தன. 2021-இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், தாம்பரம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. உள்ளூர் முகம் மங்க மங்க, கவுன்சிலரிடம் கேட்க வேண்டியதை எம்.பி.யிடம் கேட்கிறார்கள், எம்.பி.யிடம் கேட்க வேண்டியதை யாரிடமும் கேட்பதில்லை.

2025 கடைசியில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தது. எங்கள் தெருவுக்கு வந்த பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) ஓர் அங்கன்வாடி ஊழியர். கையில் ஒரு கட்டு படிவம், தோளில் பை, காலில் மழைச்சேறு. படிவத்தில் ஒரு பகுதி: 2002 அல்லது 2005-இல் நடந்த பழைய தீவிரத் திருத்தப் பட்டியலில் உங்கள் பெயர், அல்லது தாய் தந்தையர் பெயர், எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருந்தது?

எந்தத் தமிழ்நாட்டுக் கிராமத்திலும் இது அரை மணி வேலை. எங்கள் தெருவில் அது ஒரு வாரம் ஓடியது. முப்பது வீட்டுக்கு முப்பது தொகுதி. ஒட்டப்பிடாரம், பாபநாசம், ஆண்டிப்பட்டி, செய்யாறு, இலங்கையிலிருந்து அகதியாக வந்த பாட்டிக்கு எதுவுமே இல்லை. செல்போனில் ஊருக்குப் பேசி, பெரியப்பாவைக் கேட்டு, வரிசை எண் வாங்கி எழுதினார்கள். பல வருஷமாகப் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் இதற்காகப் பேசிக்கொண்டதும் நடந்தது.

மாடி வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்து படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தத் தடவை ஒரு இடத்தில்தான் பெயர் இருக்கலாம், நல்லா யோசிச்சுக் குடுங்க என்று அந்த அம்மா சொல்லியிருந்தார்.

‘நீங்க என்ன அண்ணாச்சி சொல்றீக?’

‘உன் இஷ்டம் தம்பி. தண்ணி லாரிக்கு நிக்கிறது இங்கதானே?’

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். ‘அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேன்’ என்று போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். கீழே பி.எல்.ஓ. அம்மா அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

‘சார், வீட்ல யாரும் இல்லையா?’

‘ஊருக்குப் போயிருக்காங்க’ என்றது எதிர்வீட்டு ஜன்னல்.